வயலும் பள்ளியும்: பூச்சி மேலாண்மைக் கல்வியின் வரலாற்றில் இளைய உழவர்

முன்னுரை

சங்க இலக்கியக் குறிஞ்சித்திணைப் பாடல்களில் பயிர்க்காவல் இளையோரின் தொழிலாக இடம்பெறுகிறது. தினைக்கதிர் முற்றும் பருவத்தில் இளமகளிர் பரண்மீது இருந்து கிளியோப்புகின்றனர்; தழல், தட்டை, குளிர் முதலிய ஒலியெழுப்பும் கருவிகளைக் கையாளுகின்றனர். இக்காட்சியைக் களவொழுக்கத்திற்குரிய களமாக நோக்குவதே வழக்கம். எனினும் இதனை உழவுத் தொழில் வரலாற்றின் கண்கொண்டு நோக்கினால் வேறொரு செய்தியும் புலப்படும். பயிரைத் தாக்கும் உயிர் எது, அது எப்பொழுது வரும், எந்தப் பருவத்தில் காவல் தேவை என்பனவற்றைக் கண்ணால் கண்டு கற்கும் பொறுப்பு இளையோரிடம் இருந்தது. காவல் என்பது அங்குக் கொல்லுதலைவிடக் கூர்ந்து நோக்குதலையே அடிப்படையாகக் கொண்டிருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இக்கூர்நோக்கின் இடத்தைத் தெளிப்பான் எடுத்துக்கொண்டது. பின்னர் ஆசிய நாடுகள் சிலவற்றில் அந்நோக்கை மீட்டெடுக்கும் கல்விமுறையொன்று தோன்றியது. ‘உழவர் வயல்வெளிப் பள்ளி’ எனத் தமிழில் வழங்கப்பெறும் அம்முறை 1989ஆம் ஆண்டில் இந்தோனேசியாவில் உருப்பெற்று, இந்தியா உள்ளிட்ட பல நாடுகளில் பரவியது. அதன் தோற்றம், இயல்பு, இந்திய வரலாறு, அதன்மீது எழுந்த மதிப்பீட்டு விவாதம் ஆகியவற்றைத் தொகுத்து நோக்கி, இளைய உழவருக்கு அதில் அளிக்கப்பட்ட இடம் யாது என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மருந்து என்னும் சொல்

பூச்சிக்கொல்லி என்பது நூல்வழக்கு. உழவர் பேச்சில் அது ‘பூச்சி மருந்து’ என்றே வழங்குகிறது. தெளித்தலை ‘மருந்து அடித்தல்’ என்பர். இவ்வழக்கு தமிழுக்கு மட்டும் உரியதன்று. மலையாளத்தில் ‘மருந்நு’, தெலுங்கில் ‘மந்து’, இந்தியில் ‘தவா’ என நோய்தீர்க்கும் பொருளைக் குறிக்கும் சொல்லே பூச்சிக்கொல்லியையும் குறிக்கிறது. சாவகத் தீவின் உழவரும் அதனை ‘ஓபாட்’ என்பர். அச்சொல்லுக்கும் மருந்து என்பதே பொருள். தனித்தனி மொழிக்குடும்பங்களைச் சார்ந்த மொழிகள் ஒரே உருவகத்தை மேற்கொண்டமை தற்செயலானதன்று. அரசின் உழவு விரிவாக்கப் பணியும் வணிக விளம்பரமும் இவ்விடங்களிலெல்லாம் அப்பொருளை ஒரே வகையில் அறிமுகம் செய்தன என்பதற்கு அது சான்றாகிறது.

ஒரு பொருளை மருந்து என அழைக்கும்பொழுது அதனோடு ஒரு முழு உறவுமுறையும் உடன்வருகிறது. பயிர் நோயாளியாகிறது, பூச்சி நோயாகிறது, மருந்தறிந்தவர் மருத்துவராகிறார். அம்மருத்துவர் பெரும்பாலும் கடைக்காரரே. இந்திய அரசின் தேசிய மாதிரி ஆய்வு அமைப்பு 2003ஆம் ஆண்டில் நடத்திய 59ஆம் சுற்று ஆய்வில், உழவர் குடும்பங்களுள் 40 விழுக்காட்டினரே புதிய தொழில்நுட்பம் பற்றிய செய்தியை ஏதேனும் ஒரு வழியில் பெற்றிருந்தனர். அவ்வழிகளுள் முன்னோடி உழவர் 16.7 விழுக்காடும், இடுபொருள் விற்பனையாளர் 13.1 விழுக்காடும், வானொலி 13.0 விழுக்காடும் பெற்றனர். விரிவாக்கப் பணியாளர் பெற்றது 5.7 விழுக்காடே. அதே 2003ஆம் ஆண்டில் ஐதராபாத்திலுள்ள தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம் இடுபொருள் விற்பனையாளர்களுக்கென ஓராண்டுப் பட்டயப் படிப்பைத் தொடங்கியது. கடைக்காரரே ஆசிரியர் என்னும் நடைமுறையை அரசும் ஏற்றுக்கொண்டமையை இது காட்டுகிறது.

புகையான் காட்டிய பாடம்

நெற்பயிரின் தூர்ப்பகுதியில் கூட்டமாகத் தங்கிச் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சி புகையான். அதன் தாக்குதலுக்குள்ளான பயிர், புகைபட்டுக் கருகியதுபோல வட்டவட்டமாகக் காய்ந்துவிடும். தாக்குதலின் தோற்றத்தையே பெயராக்கிய நுட்பம் இச்சொல்லில் அமைந்துள்ளது. பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1966இல் வெளியிட்ட ஐ.ஆர்.8 முதலான குட்டை நெல்வகைகளும், அவற்றோடு வந்த மிகுதியான தழைச்சத்து உரமும், நாள்கணக்கிட்டுத் தெளிக்கும் பூச்சிக்கொல்லியும் பரவிய பின்னரே புகையான் ஆசியாவின் முதன்மைப் பகையாயிற்று. கேரளத்தின் குட்டநாட்டில் 1973-74இல் அது பெருஞ்சேதம் விளைவித்தது. இந்தோனேசியா 1970களின் இறுதியில் உலகின் மிகப்பெரிய அரிசி இறக்குமதி நாடுகளுள் ஒன்றாக இருந்தமைக்கு இப்பூச்சியும் ஒரு காரணம்.

முதலில் அறிவியலார் நாடிய தீர்வு எதிர்ப்புத்திறன் கொண்ட நெல்வகை. ஐ.ஆர்.26 என்னும் வகை 1973இல் வெளிவந்தது. சில பருவங்களுக்குள் அதனையும் தாக்கவல்ல புகையான் இனம் தோன்றியது. 1976இல் ஐ.ஆர்.36 வந்தது. விதைக்கும் பூச்சிக்கும் இடையிலான இவ்வோட்டம் தொடர்ந்ததேயன்றி முடிவுறவில்லை.

பீட்டர் கென்மோர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் பிலிப்பைன்சு நெல்வயல்களில் ஆய்வு செய்து 1980இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வேட்டை அளித்தார். பூச்சிக்கொல்லி தெளிக்காத வயலில் புகையான் குறைந்த எண்ணிக்கையிலேயே இருப்பதையும், தெளித்த வயலில் அது பன்மடங்கு பெருகுவதையும் அவ்வாய்வு காட்டியது. காரணம் எளியது. புகையான் முட்டைகள் நெல்லின் இலையுறைக்குள் செருகப்பட்டிருப்பதால் தெளிப்பிற்குத் தப்பிவிடுகின்றன. வயலின் மேற்பரப்பில் திரியும் ஓநாய்ச் சிலந்தியும் புகையான் முட்டையை உறிஞ்சியுண்ணும் மிரிட் நாவாய்ப் பூச்சியும் மடிந்துவிடுகின்றன. சில நாளில் முட்டைகள் பொரிந்து வெளிவரும் குஞ்சுகளை உண்பதற்கு எவையும் இல்லை. மருந்து எனப்பட்டதே நோயை வளர்த்தது என்பதே இவ்வாய்வின் சாரம்.

பின்னர் வில்லியம் செட்டில் முதலியோர் சாவகத்தில் நிகழ்த்தி 1996இல் வெளியிட்ட ஆய்வு இதனை மேலும் விளக்கியது. நடவு முடிந்த தொடக்க வாரங்களில் பகைப்பூச்சிகள் வருமுன்பே சிலந்திகளும் பிற இரைவிழுங்கிகளும் வயலில் பெருகிவிடுகின்றன. வயல்நீரில் மட்கும் பொருளையும் நுண்ணுயிரையும் உண்டு வாழும் கொசுவினப் பூச்சிகள் அவற்றிற்கு முதல் உணவாகின்றன. ஆகவே தொடக்க வாரங்களில் செய்யும் தெளிப்பு, காவலர் படையைப் பகைவர் வருமுன்பே அழிப்பதாகிறது. தொழுவுரமும் தழையுரமும் இடுதல் காவற்பூச்சிகளுக்கு உணவிடுதலும் ஆகும் என்னும் உண்மை இதனால் விளங்கிற்று.

1986ஆம் ஆண்டு ஆணை

இந்தோனேசியா 1984இல் அரிசியில் தன்னிறைவு எய்தியதாக அறிவித்தது. அப்பொழுது பூச்சிக்கொல்லி விலையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை அரசே மானியமாக அளித்து வந்தது. அடுத்த ஈராண்டுகளில் சாவகத்தின் நெல்வயல்களைப் புகையான் மீண்டும் பெருமளவில் தாக்கியது. பெற்ற தன்னிறைவு கைநழுவும் நிலையில், இடா ஞோமான் ஓகா முதலான அந்நாட்டுப் பூச்சியியலார் தம் ஆய்வு முடிவுகளை அரசிடம் எடுத்துரைத்தனர். அதன் பயனாக 1986 நவம்பரில் குடியரசுத் தலைவரின் 3ஆம் எண் ஆணை வெளிவந்தது. நெற்பயிரில் 57 பூச்சிக்கொல்லி வகைகளைப் பயன்படுத்துவதற்கு அவ்வாணை தடைவிதித்தது. ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மையை நாட்டின் கொள்கையாக அறிவித்தது. 1989 தொடக்கத்தில் மானியமும் முழுமையாக நீக்கப்பட்டது. பூச்சிக்கொல்லிப் பயன்பாடு பெரிதும் குறைந்தது. அரிசி உற்பத்தி அதனால் வீழ்ச்சியுறவில்லை.

ஆணையால் தடைசெய்ய முடியும், கற்பிக்க முடியாது. பூச்சிக்கொல்லியை விட்டொழிக்கும் உழவர் அதன் இடத்தில் எதனைக் கைக்கொள்வது என்னும் வினாவிற்கு விடையாகவே 1989இல் ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை அமைப்பின் துணையுடன் தேசியப் பயிற்சித் திட்டம் தொடங்கப்பெற்றது. அதன் முதல் அலையில் ஏறத்தாழ 200 வயற்பள்ளிகள் நடுச் சாவகப் பகுதியில் அமைந்தன. 5,000 உழவர் அவற்றில் பயின்றனர். 1990களின் முடிவில் இத்தொகை 10 இலட்சத்தைக் கடந்தது.

வயற்பள்ளியின் இயல்பு

இந்தோனேசிய மொழியில் இது ‘செகோலா லபாங்கான்’ எனப்பட்டது. தெலுங்கில் ‘பொலம்படி’ என்பர். மூன்று மொழிகளிலும் வயல் என்பதும் பள்ளி என்பதும் இணைந்தே பெயராகின்றன. தமிழில் ‘பள்ளி’ என்னும் சொல் சமண, பௌத்தத் துறவியரின் உறைவிடத்தைக் குறித்துப் பின்னர்க் கல்விக்கூடத்தைக் குறிக்கலாயிற்று. ஆசிரியர் இருக்கும் இடத்திற்கு மாணவர் செல்வது பழைய பள்ளி. பயிர் இருக்கும் இடத்திற்கு ஆசிரியரும் மாணவரும் செல்வது இப்பள்ளி.

சுமார் 25 உழவர் ஒரு குழுவாகி, ஒரு பயிர்ப்பருவம் முழுவதும் வாரம் ஒருமுறை காலையில் வயலில் கூடுவர். ஒரு பாத்தியில் வழக்கமான முறையும் மற்றொன்றில் ஒருங்கிணைந்த மேலாண்மை முறையும் பின்பற்றப்படும். ஐவர் ஐவராகப் பிரிந்து, குறிப்பிட்ட தூர்களில் உள்ள பூச்சிகளையும் அவற்றின் பகைகளையும் எண்ணுவர்; பயிரின் உயரம், தூர் எண்ணிக்கை, நீர்நிலை, வானிலை ஆகியவற்றைக் குறிப்பர். பின்னர் நிழலில் அமர்ந்து பெரிய தாளில் பயிரையும் அதன் ஒருபுறம் தீமை செய்யும் பூச்சிகளையும் மறுபுறம் நன்மை செய்யும் பூச்சிகளையும் வண்ணத்தில் வரைவர். அவ்வாரம் செய்ய வேண்டியது யாது என்பதைக் குழு தனது படத்தை முன்வைத்து வாதிட்டு முடிவு செய்யும். எழுத்தறிவு குறைந்தவரும் இதில் முழுமையாகப் பங்குகொள்ள முடிந்தது.

வேறு சில பயிற்சிகளும் இதன் பகுதிகளாக அமைந்தன. வலைத்துணி சுற்றிய தொட்டிச் செடியில் புகையானையும் சிலந்தியையும் விட்டு, ஒரு நாளில் எத்தனை இரையைச் சிலந்தி உண்கிறது என எண்ணுவது ஒன்று. இளம்பயிரின் இலைகளில் ஒரு பகுதியைக் கத்தரித்துவிட்டு, அறுவடையில் விளைச்சல் குறைகிறதா என ஒப்பிட்டுப் பார்ப்பது மற்றொன்று. இலைச்சுருட்டுப்புழு கடித்த இலையைக் கண்டவுடன் தெளிப்பானைத் தேடும் அச்சம் இச்சோதனையால் நீங்கியது. தழைக்கும் பருவத்தில் இழந்த இலையை நெற்பயிர் ஈடுசெய்து கொள்ளும் என்பதை உழவர் தம் கையாலேயே மெய்ப்பித்தனர்.

பயிற்றுநர் வினாவுக்கு விடையளிப்பதில்லை என்பது இம்முறையின் உயிர்நிலை. ‘இது என்ன பூச்சி?’ என்று உழவர் கேட்டால், ‘எங்கே கண்டீர்கள்? என்ன செய்துகொண்டிருந்தது? வேறு எவை உடனிருந்தன?’ என்று பயிற்றுநர் திருப்பிக் கேட்பார். பூச்சியின் பெயரைவிட அதன் செயலே முதன்மை பெற்றது. நலமான பயிரை வளர்த்தல், இயற்கை எதிரிகளைக் காத்தல், வயலை வாரந்தோறும் நோக்குதல், உழவரே வல்லுநராதல் என்னும் நான்கும் இதன் நெறிகள் ஆகும். பயிற்றுநராக வந்தவர்களும் தாமே நெல் பயிரிட்டுக் கற்ற பின்னரே அனுப்பப்பட்டனர். ‘ஓபாட்’ என்னும் சொல்லை விடுத்து நஞ்சு எனப் பொருள்படும் ‘ராச்சுன்’ என்னும் சொல்லை இப்பள்ளிகள் வழக்கிற்குக் கொணர முயன்றன. கல்வி சொல்மாற்றத்திலிருந்து தொடங்கியதை இங்குக் காணமுடிகிறது.

இந்திய நிலை

இந்தியாவில் 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் இயற்றப்பெற்றது. 1985இல் ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை பயிர்ப் பாதுகாப்பின் அடிப்படைக் கொள்கையாக ஏற்கப்பட்டது. 1988இல் அதற்கெனத் தேசிய ஆராய்ச்சி மையம் நிறுவப்பட்டது. 1991-92இல் பயிர்ப் பாதுகாப்பு, கண்காணிப்பு, உயிரியல் கட்டுப்பாடு ஆகியவற்றுக்கான நடுவண் நிலையங்கள் ஒன்றிணைக்கப்பட்டு நடுவண் ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை மையங்கள் உருவாயின. பயிற்றுநர்க்குப் பருவ முழுப் பயிற்சியும் உழவர்க்கு வயற்பள்ளியும் இம்மையங்களின் வழி நடைபெற்றன. ஒவ்வொரு பள்ளியும் 30 உழவரைக் கொண்டு 14 வாரம் நடைபெறுவதாக வகுக்கப்பட்டது.

நெல்லில் தொடங்கிய இக்கல்வி இந்தியாவில் பருத்தியில்தான் கடுஞ்சோதனைக்கு உள்ளாயிற்று. 1990களில் நாட்டின் பயிர்ப்பரப்பில் சுமார் 5 விழுக்காடே கொண்ட பருத்தி, பூச்சிக்கொல்லிப் பயன்பாட்டில் ஏறத்தாழப் பாதியைக் கொண்டிருந்தது. 1997-98இல் வாரங்கல் மாவட்டத்தில் புழுத்தாக்குதலும் கடனும் சேர்ந்து உழவர் பலரின் தற்கொலைக்குக் காரணமாயின. அவர்களுள் பலர் பயிருக்கென வாங்கிய நஞ்சையே பருகினர். அதற்குப் பின் 2000 முதல் 2004 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுடன் உணவு வேளாண்மை அமைப்பு நடத்திய ஆசியப் பருத்தித் திட்டத்தில் இந்தியாவும் இடம்பெற்றது.

அத்திட்டத்தை ஒட்டி பிரான்செஸ்கா மான்சினி முதலியோர் 2003இல் செய்த ஆய்வு இவ்வரலாற்றில் தனியிடம் பெறத்தக்கது. மூன்று சிற்றூர்களில் 50 பருத்தி உழவுப் பெண்கள், தெளிப்பிற்குப் பின் தமக்கும் தம் வீட்டு ஆடவருக்கும் தோன்றிய உடல்நலக் குறிகளைத் தாமே பதிவுசெய்தனர். பதிவான 323 நிகழ்வுகளில் ஏறத்தாழ 84 விழுக்காட்டில் மிதமானது முதல் கடுமையானது வரையிலான நச்சுக்குறிகள் தென்பட்டன. பூச்சியை எண்ணக் கற்ற வயற்பள்ளி முறையே உடலின் துன்பத்தையும் எண்ணக் கற்பித்தது. தலைவலியும் நடுக்கமும் தொழிலின் இயல்பான பகுதி என எண்ணப்பட்ட நிலை மாறி, அவை நஞ்சின் விளைவு என்னும் தெளிவு பிறந்தது.

கம்மம் மாவட்டத்தைச் சார்ந்த புனுகுலா என்னும் சிற்றூர் 1999 முதல் தன்னார்வ நிறுவனங்களின் துணையோடு வேப்பங்கொட்டைக் கரைசல், மிளகாய் பூண்டுக் கரைசல், இனக்கவர்ச்சிப் பொறி, மஞ்சள் ஒட்டுப்பொறி, பறவைத் தாங்கி, ஆமணக்குப் பொறிப்பயிர் ஆகியவற்றைக் கைக்கொண்டது. 2003-04 காலப்பகுதியில் பூச்சிக்கொல்லியற்ற ஊராகத் தன்னை அறிவித்துக்கொண்டது. இவ்வூர் இன்று தெலங்கானாவில் உள்ளது. பின்னர் ஆந்திர அரசின் ஊரக வறுமை ஒழிப்பு அமைப்பு மகளிர் தன்னுதவிக் குழுக்களின் வழி இதனைப் பல மாவட்டங்களுக்கு விரிவுபடுத்தியது. அலுவலரைவிட அயலூர் உழவரே சிறந்த ஆசிரியர் என்னும் கருத்து இதில் வலுப்பெற்றது.

மதிப்பீட்டு விவாதம்

வயற்பள்ளியின் பயன் பற்றி அறிஞரிடையே ஒத்த கருத்து இல்லை. கெர்ஷோன் ஃபெடர், ரிங்கு முர்காய், ஹைமி கிசோன் ஆகியோர் இந்தோனேசியக் குடும்பங்களின் 1991, 1999 ஆண்டுத் தரவுகளை ஒப்பிட்டு 2004இல் ஆய்வு வெளியிட்டனர். பயின்றோரின் விளைச்சலிலும் பூச்சிக்கொல்லிப் பயன்பாட்டிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. பயின்றவரிடமிருந்து அண்டை வயலாருக்கு அறிவு பரவவும் இல்லை என்பது அவர்தம் முடிவு. ஹெங்க் வான் டென் பெர்க், ஜானிஸ் ஜிகின்ஸ் ஆகியோர் 2007இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து, பூச்சிக்கொல்லிப் பயன்பாடு கணிசமாகக் குறைந்துள்ளது என மறுத்தனர். ஹியூ வாடிங்டன் முதலியோர் 2014இல் வெளியிட்ட முறைசார் தொகுப்பாய்வு இரு கருத்துகளுக்கும் இடைப்பட்ட முடிவினைத் தந்தது. சிறிய அளவில் செம்மையாக நடத்தப்பட்ட பள்ளிகளில் பயின்றோர் பயனடைந்தனர். பயிலாத அண்டையாருக்கு அப்பயன் செல்லவில்லை. பேரளவாக விரித்தபொழுது தரம் குன்றியது.

இதற்கு மாறான வழியை வியட்நாம் காட்டியது. நடவுக்கு மாறாக நேரடி விதைப்பு வழங்கும் மேகாங் கழிமுகத்தில், விதைத்த முதல் 40 நாளில் தெளிக்க வேண்டா என்னும் ஒரே செய்தியை ஹோங், எஸ்கலாடா ஆகியோர் 1994இல் வானொலி நாடகம், சுவரொட்டி, துண்டறிக்கை ஆகியவற்றால் பரப்பினர். லாங் ஆன் மாநிலத்தில் தெளிப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. தமிழகத்திற்கு இது புதிதன்று. 1960களில் தஞ்சை வட்டாரத்தில் ஆடுதுறை 27 என்னும் நெல்வகை திருச்சி வானொலியின் வழிப் பரவி ‘வானொலி நெல்’ எனவே பெயர்பெற்றது.

இவ்விரு நிகழ்வுகளையும் வயற்பள்ளியோடு ஒப்பிட்டால் விவாதத்தின் முடிச்சு அவிழ்கிறது. விதை கைமாறும், ஒற்றைவரி அறிவுரை செவிவழிப் பரவும். ஆனால் எந்தப் பூச்சியை விட்டுவைப்பது, எப்பொழுது பொறுத்திருப்பது என்னும் தேர்ச்சி அவ்வாறு பரவாது. அது பழகிய கண்ணுக்கும் பலமுறை எடுத்த முடிவுக்கும் உரியது. எழுத்தறிவு பெற்ற ஒருவரின் அண்டை வீட்டார் தாமாகவே எழுத்தறிவு பெறுவதில்லை. அதனால் எவரும் பள்ளியை மூடிவிடுவதில்லை. அறிவு பரவவில்லை என்னும் ஆய்வுமுடிவு உண்மையே. ஆயினும் அது வயற்பள்ளியின் தோல்வியைக் காட்டிலும், அதனைச் சில ஆண்டுகளுக்குரிய திட்டமாக நடத்தியதன் தோல்வியையே உணர்த்துகிறது.

பின்னிகழ்வுகளும் இதனை வலியுறுத்துகின்றன. 1998இன் பொருளாதார, அரசியல் மாற்றங்களை அடுத்து 1999இல் இந்தோனேசியத் தேசியத் திட்டம் முடிவுற்றது. அதே ஆண்டில் பயின்ற உழவர்கள் தமக்கெனச் சங்கம் அமைத்தனர். எனினும் சந்தை தளர்த்தப்பட்டுப் பூச்சிக்கொல்லி வகைகள் பெருகின. 2010, 2011ஆம் ஆண்டுகளில் சாவகத்தில் புகையான் மீண்டும் கடுமையாகத் தோன்றியது. யூனிதா வினார்த்தோ என்னும் மானிடவியலார் 2004இல் வெளியிட்ட ‘அறிவின் விதைகள்’ எனப் பொருள்படும் தலைப்புடைய நூல், சாவக உழவர் தாம் கற்றதை எவ்வாறு உள்வாங்கினர் என்பதை விரிவாகப் பதிவு செய்துள்ளது. விதைக்கப்பட்ட அறிவிற்கும் ஒவ்வொரு தலைமுறையிலும் மறுவிதைப்பு வேண்டும் என்பதே அந்நாட்டின் பின்வரலாறு தரும் பாடம்.

இளைய உழவரின் இடம்

1990இல் முப்பது வயதில் வயற்பள்ளியில் பயின்ற ஒருவர் இன்று அறுபதைக் கடந்தவர். அவருடைய மக்கள் எங்குக் கற்றனர் என்பதே இப்பொருளில் மிகுதியும் கேட்கப்படாத வினா. தேசிய மாதிரி ஆய்வின் அதே 2003ஆம் ஆண்டுச் சுற்றில், வாய்ப்பிருந்தால் வேறு தொழிலுக்குச் செல்வோம் என 40 விழுக்காட்டு உழவர் கூறியிருந்தனர். பெற்றோரே விட்டுநீங்க விரும்பும் தொழிலின் நுண்ணறிவு பிள்ளைகளைச் சென்றடைதல் அரிது.

இந்த அறுபாட்டை நேரடியாக எதிர்கொண்ட முயற்சி ஆப்பிரிக்காவில் நிகழ்ந்தது. மொசாம்பிக் நாட்டில் எய்ட்ஸ் நோயால் பெற்றோரை இழந்த சிறார், உழவறிவைத் தருவதற்கு எவருமின்றி நிலத்தோடு மட்டும் எஞ்சினர். உணவு வேளாண்மை அமைப்பும் உலக உணவுத் திட்டமும் 2003-04இல் அவர்களுக்கென ‘இளையோர் வயல், வாழ்க்கைப் பள்ளி’களைத் தொடங்கின. 12 முதல் 18 வயதுடையோர் பயிரின் பகைகளை நோக்கிக் காக்கும் முறையையும், தம் வாழ்வை நெருங்கும் இடர்களை நோக்கிக் காக்கும் முறையையும் ஒருசேரப் பயின்றனர். கல்வி அங்கு மரபின் இடத்தை நிரப்பியது.

இந்தியாவில் இளையோருக்கான முயற்சிகள் வேறு வடிவில் அமைந்தன. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் புதுச்சேரியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தொடங்கப்பெற்றது; இன்று அத்தகைய நிலையங்கள் 700க்கும் மேற்பட்டுள்ளன. எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான தேசிய உழவர் ஆணையம் 2004-06இல் அளித்த அறிக்கைகளில், சிறந்த உழவரின் வயலிலேயே பண்ணைப் பள்ளிகள் அமைக்கப் பரிந்துரைத்தது. 2015இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் இளைஞரை உழவில் ஈர்த்து நிலைநிறுத்துவதற்கான ‘ஆர்யா’ திட்டத்தைத் தொடங்கியது. ஊரக இளைஞருக்கான 7 நாள் திறன் பயிற்சியும் நடைபெறுகிறது. இவை வரவேற்கத்தக்கன. எனினும் இவற்றின் நாட்டம் பெரும்பாலும் தொழில்முனைவோரை உருவாக்குவதிலேயே உள்ளது. 14 வாரப் பள்ளியின் அருகில் 2 நாள், 5 நாள் பயிற்சிகளும் இடம்பெற்றுவிட்டன. பூச்சியின் ஒரு தலைமுறை வளர்வதற்குக்கூட அந்நாள்கள் போதா.

இதனினும் ஆழ்ந்த குறை ஒன்று உண்டு. வயற்பள்ளியில் சேர்க்கப்படுபவர் பெரும்பாலும் நிலவுரிமையாளர். தெளிப்பானை முதுகில் சுமப்பவரோ பல இடங்களில் நாட்கூலிக்கு வரும் இளைஞர். முடிவெடுப்பவர் ஒருவர், நஞ்சோடு உறவாடுபவர் வேறொருவர் என்னும் இப்பிளவை எப்பாடத்திட்டமும் போதிய அளவு கருத்திற்கொள்ளவில்லை. 2017இல் மகாராட்டிரத்தின் யவத்மாள் மாவட்டத்தில் பருத்தி வயல்களில் தெளிப்பின்போது நஞ்சேறி 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர்; உழவரும் கூலித்தொழிலாளரும் அவர்களுள் அடங்குவர். ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை கொள்கையாக ஏற்கப்பட்டு 32 ஆண்டுகள் கழிந்த பின்னர் நிகழ்ந்தது இது. கொள்கைக்கும் தெளிப்பவரின் கைக்கும் இடைப்பட்ட தொலைவு எத்தகையது என்பதை இந்நிகழ்வு அளந்து காட்டுகிறது.

பெயரறிவும் பூச்சியறிவும்

தமிழ்த்துறையினர் இப்பொருளில் ஆற்றத்தக்க பணி ஒன்றும் உள்ளது. நெல்வகை, மாட்டுவகை, மீன்வகை எனப் பள்ளு நூல்கள் நீண்ட பட்டியல்களைத் தருகின்றன. உழவர் பேச்சுவழக்கிலும் பூச்சிகளுக்குச் செறிவான பெயர்கள் உண்டு. குருத்து யானைத்தந்தம்போல வெண்குழலாக நீள்வதால் ‘ஆனைக்கொம்பன்’. வெளியே வரும் குருத்தைக் காயச்செய்வதால் ‘குருத்துப்பூச்சி’. இலையை மடித்து உள்ளிருந்து உண்பதால் ‘இலைச்சுருட்டுப்புழு’. இவை பெரும்பாலும் பயிரில் தோன்றும் விளைவை நோக்கிப் பெயரிட்டவை. பயிர் வாடியபின் அறியும் அறிவு இவற்றில் பொதிந்துள்ளது. இதற்கு மாறாக, பகையுண்ணும் சிறுகுளவிகள், முட்டை ஒட்டுண்ணிகள், மிரிட் நாவாய்ப் பூச்சி போன்றவற்றிற்கு நூல்வழிக் கலைச்சொற்களே மிகுதி. பொறிவண்டும் தட்டானும் சிலந்தியும் மட்டுமே ஊரறிந்த பெயர் பெற்றன. பெயரில்லாத உயிரைக் காக்க வேண்டும் என எவருக்கும் தோன்றுவதில்லை.

எனவே வட்டார வழக்கிலுள்ள பூச்சிப்பெயர்களைத் தொகுத்தலும், நன்மை செய்யும் பூச்சிகளுக்கு நாவில் நிற்கும் எளிய பெயர்களை உழவரோடு கலந்து ஆக்குதலும் சொல்லாக்கத்தோடு நில்லாது பயிர்க்காவலின் பகுதியாகவும் அமையும். வயற்பள்ளிக் குழுவினர் தாளில் வரைந்த படத்தின் ஒரு பாதி பெயரின்றிக் கிடக்குமாயின், கற்றதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதற்குச் சொல் இராது.

முடிவுரை

இதுகாறும் நோக்கியவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. பூச்சிக்கொல்லி மருந்து என்னும் பெயரோடு ஊர் புகுந்து உழவரின் கூர்நோக்கை அகற்றியது. புகையானின் பெருக்கம் அதன் கேட்டை வெளிப்படுத்தியது. 1986ஆம் ஆண்டு ஆணை தடைவிதித்தது. 1989ஆம் ஆண்டுக் கல்விமுறை அந்நோக்கை மீட்டது. அத்தகைய அறிவு தானாகப் பரவாது என்பதை ஆய்வுகள் காட்டின. திட்டம் முடிவுற்றதும் அது தேய்ந்தது என்பதை வரலாறு காட்டியது. ஆகவே பூச்சி மேலாண்மைக் கல்வியை முடிவுநாள் கொண்ட திட்டமாகக் கொள்ளாது, ஒவ்வொரு தலைமுறைக்கும் உரிய நிலையான பள்ளியாகக் கொள்ளுதல் வேண்டும். நிலமுடையோரின் மக்களோடு தெளிப்பான் சுமக்கும் கூலி இளைஞருக்கும் அதில் இடம் வேண்டும். பருவ முழுமையும் நடைபெறாத பயிற்சியைப் பள்ளி என அழைத்தல் தகாது.

தினைப்புனத்துப் பரணில் இருந்தவர் கிளி வரும் பொழுதையும் கதிர் முற்றும் நாளையும் அறிந்திருந்தனர். இன்றைய வயலில் அறிய வேண்டியவை அதனினும் நுண்ணியவை. கற்பதற்கான காலமோ குறைந்துகொண்டே வருகிறது. இம்முரணைத் தீர்ப்பது வேளாண் துறைக்கு மட்டுமன்றிக் கல்வித் துறைக்கும் மொழித் துறைக்கும் உரிய கடமையாகும்.